இருமலே இல்லாத வீடு

சோஃபியா அந்த மெடிக்கல் ஷாப் முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னதும் லாயிட் தயங்கித் தயங்கித்தான் பிரேக்கைப் பிடித்தான்.

விவேக் நகரில் மருந்துக் கடைக்கா பஞ்சம்? இன்றைக்கு வியாழக்கிழமை, கோயில் கூட்டம், வேறு கடை பார்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தான். அவள் அதற்குள் இறங்கி, நவநாள் ஜெபத்துக்கு வந்த ஜனங்களை விலக்கிக்கொண்டு கவுன்ட்டருக்குப் போய்விட்டாள்.

அவனும் பின்னாலேயே ஓடினான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். மயக்கம் கொடுத்து, தொப்புள் பக்கம் சின்னதாகத் துளை போட்டு, கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கல்யாணமாகி ஆறு வருடம். ஸ்கேன், ஊசி, மாத்திரை எல்லாம் ஆகிவிட்டது. அவளிடம் ஒரு குறையும் அகப்படவில்லை. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

லாயிட்டின் ரிப்போர்ட் நார்மல்.

அப்படித்தான் அவன் சொல்லியிருந்தான்.

அந்தக் காகிதம் பொம்மசந்திராவில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியில், அவன் லாக்கருக்குள் நாலாக மடித்தபடி கிடந்தது. விந்தணு எண்ணிக்கைக்கு நேரே இருந்த எண்ணை அவன் ஒரே ஒரு முறைதான் பார்த்தான். டாக்டரம்மா கேட்டபோது, எல்லாம் சரியாக இருக்கிறது, பேப்பரை எடுத்துவர மறந்துவிட்டேன் என்றான். அவர் நம்பி எழுதிக்கொண்டார். அடுத்த முறை கேட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தான். அடுத்த முறை யாரும் கேட்கவில்லை.

காகிதத்துக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் இருந்தது. சளியை இளக்குகிற இருமல் சிரப். அதைக் குடித்தால் குழந்தை தங்கும் என்று போனில் எதிலோ படித்திருந்தான். பெண்கள்தான் குடிப்பார்களாம். எங்கேயோ ஒரு ஆணும் குடித்துப் பலன் கண்டானாம். அந்த ஒருவனை நம்பி ஐந்து மாதமாக, ஷிப்ட் ஏறும்போதும் முடிந்து கிளம்பும்போதும், யாரும் பார்க்காத நேரத்தில் விழுங்கிக்கொண்டிருந்தான்.

வாங்கியதெல்லாம் இந்தக் கடையில்தான்.

இவ்வளவு நாளாக இருமல் போகவில்லையா, டாக்டரைப் பாருங்கள் என்று கடைக்காரி பாகீரதி போன மாதம் கண்டிப்பாகச் சொன்னாள். அப்போது வாய் தவறிக் காரணத்தைச் சொல்லித் தொலைத்திருந்தான்.

யாருக்கோ கன்னடத்தில் மாத்திரை விளக்கிக்கொண்டிருந்த பாகீரதி நிமிர்ந்தாள். முதலில் அவனைத்தான் பார்த்தாள். அப்புறம்தான் சோஃபியாவை.

சோஃபியா கவுன்ட்டர் மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"மேடம், சளிக்குக் குடிக்கிற சிரப்பு குடிச்சா குழந்தை நிக்கும்னு சொல்றாங்களே, நெஜமா? மாசக்கணக்கா குடிச்சா ஒடம்புக்கு ஏதும் ஆகாதில்ல?"

லாயிட் சோஃபியாவையே பார்த்தான். இவளுமா? தனக்குத் தெரியாமல் இவளும் குடித்துக்கொண்டிருக்கிறாளா? ஒரு குறையும் இல்லாதவள், என் குறைக்காகவா?

பாகீரதியின் பார்வை மறுபடியும் அவன் முகத்துக்கு வந்து நின்றது. அவன் வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தான். அதை அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை.

அப்படி எதுவும் நிரூபணம் ஆகவில்லை என்றாள் பாகீரதி. நெஞ்சுச் சளி இளகுகிற மாதிரி கர்ப்பப்பை வாயில் இருக்கிற சளியும் இளகும் என்று ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். ஜலதோஷ மருந்தில் சிலது உலர்த்துகிற ரகம், அது நேர்மாறாகக்கூடப் போகலாம்.

"யாரு குடிச்சாலும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடணும்மா."

'யாரு' என்பதை அழுத்திச் சொன்னதுபோல் அவனுக்குப் பட்டது. ஆனால் அவள் அடுத்த ஆளின் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பிவிட்டாள்.

தப்பித்தாயிற்று.

வண்டியில் சாவியைப் போட்டான். சோஃபியா பின்னால் ஏறி அவன் தோளைப் பிடித்தாள். காலையில் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டிய பஞ்சு இன்னும் அவள் முழங்கை மடிப்பில் இருந்தது.

அவன் சாவியைத் திருப்பி எடுத்துவிட்டான்.

திரும்பிப் பார்க்காமலே சொன்னான். லாக்கரை, காகிதத்தை, அந்த எண்ணை, டாக்டரம்மாவிடம் சொன்ன பொய்யை. கோயில் மைக்கில் ஜெபம் ஓடிக்கொண்டிருந்ததால் பாதியை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. தோளில் இருந்த கை விலகவில்லை, இறுகவும் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு இப்போதே போன் பண்ணச் சொன்னாள். நாளைக்கு வரவில்லை என்பதையும், ஏன் வரவில்லை என்பதையும் அவன் வாயாலேயே சொல்லச் சொன்னாள்.

அவன் போன் பண்ணினான். எதிர்முனையில் நர்ஸ் சரியாகக் கேட்கவில்லை என்றாள். குறை தன்னிடம்தான் என்று நடுத்தெருவில் உரக்கச் சொன்னான். மெழுகுவர்த்தியோடு போன இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

பிறகு, எனக்காக நீ எதுக்கு அந்தக் கருமத்தைக் குடிச்சே என்று கேட்டான்.

"நான் எங்க குடிச்சேன்?" என்றாள் சோஃபியா. "வீட்டுல யாருக்கும் இருமலே இல்ல, மூணு மாசமா உங்க வாயிலதான் அந்த சிரப்பு வாடை. உங்க ஒடம்புக்கு ஏதாவது ஆயிடுமோன்னுதான் கேட்டேன்."