படத்தில் இல்லாத கடைசிப் பக்கம்

உணவகத்தின் பெரிய திரையில் கயிற்றுப் பாலம் வருவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அப்பா ரொட்டி சானாயைப் பிய்த்துப் பருப்புக் குழம்பில் தோய்த்தபடி, கண்ணை எடுக்காமல் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் ரொட்டி தொடாமலே கிடந்தது.

இந்தப் படத்தை அப்பா பார்த்ததில்லை. இது திரையரங்குகளில் ஓடியபோது அம்மா மருத்துவமனையில் இருந்தார். நாங்களும் அங்கேயேதான் கிடந்தோம்.

அம்மா போன பிறகு அப்பாவுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. செலாயாங் மொத்தச் சந்தையிலிருந்து காய்கறி லோரி ஓட்டுவார், வீட்டுக்கு வருவார், படுப்பார். நானும் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியிருந்தேன். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் குழாய்ச் சத்தம்தான் கேட்கும்.

அப்படி இருந்தபோதுதான் ஒருநாள் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு காமிக்ஸ் வாங்கி வந்தார். இதே படத்தின் கதை. காணாமல் போன மகளைத் தேடிக் காட்டுக்குள் போகிற ஒரு தாய்.

எழுத்தெல்லாம் ஆங்கிலம். நான் தட்டுத்தடுமாறிப் படித்துத் தமிழில் சொன்னேன். முதலை வாயைப் பிளக்கும் இடத்தில், "எங்க சூப்பர்வைசர் மாதிரியே இருக்கான்லா இவன்" என்றார் அப்பா.

பல மாதங்களுக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

கடைசிப் பக்கத்தில் பாலம் அறுகிறது. தாய் மகளைக் கரையில் தள்ளிவிடுகிறாள். பிறகு தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தானும் மெல்ல ஏறி வந்துவிடுகிறாள்.

அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வார்.

படத்தில் அவள் ஏறி வருவதில்லை.

அப்பா இல்லாத ஒரு பகலில் கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். படத்தை எடுத்து முடிப்பதற்கு முன்பே காமிக்ஸை வரைந்துவிடுவார்களாம். பிறகு படத்தின் முடிவை மாற்றியிருக்கிறார்கள். வரைந்தவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்த முகம் தெரியாத மனிதருக்கு மனதுக்குள் எத்தனையோ முறை நன்றி சொல்லியிருக்கிறேன். படம் மட்டும் அப்பாவின் கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

இன்று மாட்டிக்கொண்டோம்.

"போலாம்பா."

"ரொட்டி இருக்கேம்மா. சாப்பிடு."

கல்லாவில் கடைக்காரர் அப்துல் கனி அங்கிள் உட்கார்ந்திருந்தார். ரிமோட் அவர் முன்னால் கிடந்தது. எனக்கு வெளியாட்களிடம் பேச வராது. குடிக்க ஒரு தே வேண்டுமென்றாலும் அப்பாதான் கேட்டு வாங்கித் தருவார்.

இருந்தும் எழுந்து போனேன்.

திரையில் தாயும் மகளும் பாலத்தில் கால் வைத்தார்கள்.

கல்லாவின் முன்னால் நின்றேன். வாய் திறந்தது. சொல் வரவில்லை.

அங்கிள் என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். ரிமோட்டை எடுத்து அமுக்கினார்.

பச்சைத் திடலில் பந்து உருண்டது.

"ஓய் பாஸ்! கிளைமாக்ஸ்லா!" கடையே கத்தியது.

"பந்து பாருங்கலா. உடம்புக்கு நல்லது" என்றார் அவர்.

நான் கேட்காமலே என் முகத்தைப் படித்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது. "தேங்ஸ் அங்கிள்" என்றேன். எனக்கே கேட்காத குரல்.

அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார். "எனக்கு எதுக்கும்மா? ஒங்கப்பாதான் கை கழுவ வந்தப்பவே சொல்லிட்டாரு. 'பாலம் வந்தா மாத்திடுங்க பாஸ். அந்தம்மா பொழச்சிட்டாங்கன்னு எம்பொண்ணு நம்பிக்கிட்டிருக்கா'ன்னு."

மேசைக்குத் திரும்பி வந்தேன். அப்பா பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல நேரத்துல மாத்திட்டான் பாரு. படம் போச்சேம்மா."

"பரவால்லப்பா" என்றேன். "அவங்க ஏறி வந்துடுவாங்கன்னுதான் நமக்குத் தெரியுமே."