ஏழாவது பாட்டில்

மேசைமேல் லெபனான் சிவப்பு ஒயின்கள் எட்டு வரிசையாக நின்றன. விமரிசகர் அமலதாஸ் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, கிண்ணத்தில் துப்பினார். "அத்திப்பழம், மிளகு, புதுச்செருப்பு" என்று அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் சகாயமேரி எழுதிக்கொண்டாள். விழுங்கினால் போதை ஏறி அடுத்ததன் ருசி தெரியாது. இருபது வருடத்தில் ஒரு சொட்டுகூட அவர் உள்ளே விட்டதில்லை.

ஏழாவது ஒயின் வாய்க்குள் போனதும் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கிண்ணத்தை நீட்டியபடி நின்றாள்.

"துப்புங்க சார், கை வலிக்குது."

அவருடைய தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"போச்சு. சரி, என்னன்னு எழுதட்டும்?"

அவள் எட்டாவது பாட்டிலின் தக்கையைத் திருகத் தொடங்கினாள். வேண்டாமென்று அமலதாஸ் கையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறக்க அவருக்கு மனமில்லை.