தாய்வழி வந்தது

காசியம்மாளின் பேரனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை. “ஆம்பளைப் பிள்ளைக்கு இது அம்மாகிட்டருந்துதான் வரும். ஆனா அம்மாவுக்குப் பார்வை நல்லாவே இருக்கும்” என்றார் கண் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததுமே மருமகள் கஸ்தூரியைப் பிடித்துக்கொண்டாள் காசியம்மாள்.

“கேட்டியாடி? எல்லாம் உன் ரத்தம். புள்ளையக் கூட்டிக்கினு உங்கம்மா வூட்டுக்கு, கீழ்பென்னாத்தூருக்கே போயிடு. எம்மவனுக்கு வேற பொண்ணு பாத்துக்கறேன்.”

மகன் பரசுராமன் மெல்லக் கொல்லைப்பக்கம் நழுவினான்.

கஸ்தூரி அழவில்லை. துணிகளை மூட்டை கட்டியபடி, சத்தமாகவே சொன்னாள்.

“என்னங்க, கொடியில காயற என் சிவப்புச் சேலைய எடுத்தாங்க.”

அவன் பச்சைச் சேலையை உருவிக்கொண்டு வந்து நீட்டினான்.

காசியம்மாள் சேலையைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள்.

“உங்க மவன் மானம் போவக்கூடாதுன்னு இத்தினி வருஷம் மறைச்சேன். இவரும் ஒரு அம்மாவுக்குப் பொறந்தவருதானே? சொல்லுங்க அத்தை, உங்கள எந்த ஊருக்கு பஸ் ஏத்தறது?”