எள்ளும் தண்ணீரும்

அவள் நெற்றியைத்தான் அவன் முதலில் பார்த்தான்.

வெறும் நெற்றி.

நம்பிவிட்டாள்.

மாசி மகம். புதுச்சேரிக் கடற்கரையில் நிற்க இடமில்லை. எல்லைக்கு அந்தப்பக்கத்து ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தமாட வந்திருந்தன. இங்கே பிரெஞ்சுக்காரன் ராஜ்யம், அங்கே இங்கிலீஷ்காரன் ராஜ்யம். சாமிக்கு ஏது எல்லை? சாமியோடு வருகிற சனத்தையும் இன்றைக்கு ஒருத்தனும் மறிப்பதில்லை. அவளும் வருவாள் என்று விடிந்ததிலிருந்து காத்திருந்தான்.

அவனால்தான் அந்தப்பக்கம் போக முடியாது. கால் வைத்தால் விலங்கு.

அன்னிய ஆட்சியை ஒழிக்க உயிரையும் கொடு என்று வாராவாரம் பத்திரிகையில் எழுதியவன். எழுத்து ஊர் ஊராக ஒளிந்து ஒளிந்து போனது. அடி மட்டும் அவன் வீட்டில் விழுந்தது. போலீஸ் வந்து தம்பியை இழுத்துப்போய் அடித்தது. பானை சட்டியை வீதியில் போட்டு உடைத்தது. புருஷன் எங்கே, புருஷன் எங்கே என்று அவளைக் குடைந்தது.

ஐப்பசியில் அதே பத்திரிகையில் தன் சாவை அவனே எழுதினான். விஷக்காய்ச்சலில் காலமானார். செத்தவனைத் தேடி யார் வருவார்கள்? வீட்டை விட்டுவிடுவார்கள்.

என்ன புத்தியோ! ஊருக்கெல்லாம் யோசனை சொன்னவனுக்கு, அதைக் கேட்டு அவள் என்ன ஆவாள் என்று அப்போது தோன்றவில்லை. தோன்றியபோது, சொல்லியனுப்ப நம்பகமான ஆள் இல்லை.

இப்போது சடையும் தாடியுமாக, பண்டாரம் மாதிரி, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நிற்கிறான். கல்யாணமாகிச் சேர்ந்திருந்த நாளைவிடப் பிரிந்திருந்த நாளே அதிகம். ஒரு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்றிருந்தது.

கூப்பிட முடியாது. அவளுக்குப் பின்னாலேயே ஒருத்தன் வந்திருந்தான். கட்டியிருப்பது வேட்டிதான். நிற்கிற விறைப்பு போலீஸ்காரனுடையது. இன்னும் முழுசாக நம்பாதவன்.

தம்பி ஈரத்துணியோடு ஐயர் முன்னால் உட்கார்ந்தான். அப்பா பெயர் சொன்னான். தாத்தா பெயர் சொன்னான்.

"அடுத்து யாரு?"

"எங்க அண்ணன். வேதகிரி." குரல் உடைந்தது.

எள்ளும் தண்ணீரும் விரல் வழியாக இறங்கின. தன் பெயருக்கு விட்ட தண்ணீரை அவன் பார்த்துக்கொண்டு நின்றான். செங்கமலம், நான் இருக்கிறேனடி.

வேட்டிக்காரன் உச்சுக்கொட்டினான். சாமி பார்க்கத் திரும்பினான்.

அவள் அலையில் இறங்கி முழுகினாள். எழுந்தபோது வெள்ளைச் சேலை கழுத்தை விட்டு நழுவியது.

தாலி.

கருமாதியன்று ஊர்ப் பெண்கள் கூடிக் கழற்றியிருப்பார்கள். அவளே எடுத்து மறுபடி கட்டியிருக்கிறாள். கயிறு வெளுக்கவில்லை. விடாமல் மஞ்சள் பூசி வருகிற கயிறு.

சட்டென்று முந்தானைக்குள் தள்ளினாள். கரையேறினாள். கூட்டத்தை ஒரு தரம் பார்த்தாள். எல்லாரையும் பார்க்கிற பார்வைதான். அவன்மேல் நின்றதா, தாண்டிப் போனதா, அவனுக்கே தெரியவில்லை.

சேலையைப் பிழிந்தபடி கொழுந்தனிடம் சொன்னாள். பக்கத்தில் நிற்கிறவனிடம் சொல்ல அவ்வளவு சத்தம் வேண்டியதில்லை.

"வருசா வருசம் வந்துடணும் தம்பி. இதே எடத்துக்கு."