வாயுவுக்கு வந்த ரோஷம்

கடலுக்கு அடியில், பாறைக்கும் அடியில், எண்ணெயும் வாயுவும் அக்கா தங்கையாகக் குடியிருந்தன.

"அக்கா, வடக்கே துளை போட்டுட்டாங்க, கிழக்கேயும் போட்டுட்டாங்க. அடுத்தது நம்ம வீடுதான்!" என்று வாயு குதித்தது.

"குதிக்காதேடி. கண்டுபிடிச்சா மேலே கொண்டுபோய்க் கொளுத்திடுவாங்க. மூச்சுக் காட்டாம இரு" என்றது எண்ணெய்.

துளைக்கருவி சுழன்று சுழன்று இறங்கியது. சிரிப்பு வெடித்துவிடாமல் வாயு வாயைப் பொத்திக்கொண்டது. கூரைப்பாறையில் இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. அங்கே துளைக்கருவிக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

"போதும்பா, தூக்குங்க! இங்கே ஒண்ணுமே இல்லை!" என்று மேலே பார்த்துக் கத்தியது.

எண்ணெய் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. வாயுவுக்கோ ஜிவ்வென்று ஏறியது. பாறையைப் பிய்த்துக்கொண்டு, அக்காவையும் இழுத்துக்கொண்டு பாய்ந்தது:

"யாரைப் பார்த்துடா ஒண்ணுமில்லேங்கறே?"