பின்னணிச் சத்தம்

"சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு?"

ரத்தப் பரிசோதனைக்கூட ஜன்னலில் நின்றவரை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள் அவள். காலையிலிருந்து நாற்பது பேரிடம் கேட்ட கேள்வி.

"நான் ரத்தம் குடுக்க வரலம்மா."

ரத்தக் குப்பியில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த கை நின்றது. அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தக் குரலை எட்டு மாதமாகக் காதுக்குள் வைத்திருக்கிறாள்.

பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் கேட்கும்படி இணையத்தில் இலவசமாகப் போடும் குழு ஒன்றில் அவளும் அவரும் இருந்தார்கள். வாசிப்பவருக்கும் சம்பளம் இல்லை, பிழை பார்ப்பவருக்கும் இல்லை. முப்பத்து நான்கு அத்தியாயம் கொண்ட ஒரு நாவலை அவர் வாசித்தார். ஒவ்வொன்றையும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டு, சத்தம் புகுந்த இடங்களைக் குறித்து, மறுபடி வாசித்து அனுப்பச் சொன்னது அவள். நேற்றுதான் புத்தகம் வெளியாகியிருந்தது.

நேரில் யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராதவள், குறுஞ்செய்தியில் அவரைப் பாடாய்ப் படுத்தியிருந்தாள். 'அத்தியாயம் 4, 3:12, மீண்டும் வாசிக்கவும்.' அவர் ஒருமுறைகூட ஏன் என்று கேட்டதில்லை. மறுநாளே திருத்திய பதிவு வந்துவிடும். இருபத்தொன்பதாம் அத்தியாயத்துக்குப் பிறகு மட்டும் மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. அதற்கும் ஒரு நினைவூட்டல் அனுப்பினாள்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்துச் சண்டை போடத்தான் குழுவில் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

உள்ளே அழைத்தாள். ரத்தம் எடுக்கும் நாற்காலியைத் தவிர வேறு நாற்காலி இல்லை. அவர் அதில் உட்கார்ந்து, தன்னையறியாமல் சட்டைக் கையை மடித்து, பிறகு இறக்கிவிட்டார்.

முந்திக்கொண்டு பாராட்டிவிட்டால் கோபம் குறையும் என்று பட்டது.

"கடைசி அஞ்சு அத்தியாயம் ரொம்ப சுத்தம் சார். பின்னாடி ஒரு சத்தம் இல்ல. ரூம் மாத்திட்டீங்களா?"

"அதே ரூம்தாம்மா."

இறக்கிவிட்ட சட்டைக் கையின் பொத்தானைப் போட்டார். பிறகு, முதலில் அனுப்பிய பதிவுகள் அவளிடம் இருக்கின்றனவா என்று கேட்டார். திருத்துவதற்கு முன்பு அனுப்பியவை. எல்லாம் வேண்டாம், ஒன்றிரண்டு கிடைத்தாலும் போதும், அதற்காகத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன் என்றார்.

 தன்னைப் பற்றிக் குழுவில் புகார் செய்ய ஆதாரம் தேடுகிறாரோ?

"திருத்தினது வந்ததும் பழசை அழிச்சிடுவேன் சார். இடம் பத்தாது. குழுவுக்கும் திருத்தினதுதான் போகும். உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமே?"

"நீதானேம்மா அதே பேர்ல சேமிக்கச் சொன்னே. பழசு மேலேயே புதுசு உக்காந்துடுச்சு."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

தான் வேண்டுமென்றே படுத்தவில்லை என்று காட்டியாக வேண்டும். பதிவேட்டுக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை இழுத்தாள். செய்தியில் நேரத்தை மட்டும்தான் அனுப்புவாள். அந்த இடத்தில் என்ன கேட்டது என்பதைச் சொல்லுக்குச் சொல் இந்த நோட்டில் எழுதிவைப்பாள். பரிசோதனைக்கூடத்தில் பழகிய பழக்கம்.

"நாலு, 3:12. பாத்திரம் விழுற சத்தம். பொம்பளைக் குரல், 'போச்சு, போனது உங்க காபிதான்.'"

அவர் சிரித்தார். இதில் என்ன சிரிப்பு என்று அவளுக்குப் புரியவில்லை.

"பதினொண்ணு, 8:40. கதவுக்கு வெளியில, 'அந்தப் பாவி செத்தானா இல்லையா, அதை மட்டும் சொல்லிட்டுப் படிங்க.' பத்தொம்பது, 5:05. இருமல். இருபத்தி நாலு, மூணு இடத்துல இருமல். மூணாவது ரொம்ப நேரம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவள் அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினாள்.

"இருபத்தொம்பது, 2:30. 'படிச்சது போதும், பக்கத்துல வந்து கொஞ்சம் உக்காருங்க.' நீங்களே சொல்லுங்க சார், இதையெல்லாம் எப்படி விட முடியும்?"

"அதை இன்னொரு தடவை படிம்மா."

படித்தாள். இந்த முறை மெதுவாக.

முப்பதிலிருந்து பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. முப்பத்து நான்குக்கு மட்டும் ஒரு வரி எழுதியிருந்தாள். 'முடிவில் ஐந்து நொடி மௌனம் போதும். ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டிருக்கிறார். வெட்டவும்.' அதை ஏனோ அவளால் வாய்விட்டுப் படிக்க முடியவில்லை.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

"போட்டோ நிறைய இருக்கும்மா. என் வீட்டுக்காரி பேசினதுல மிச்சம் இந்த நோட்டு மட்டும்தான், குடுப்பியா?"