எதிர்ப்பக்கம்

கடைக்காரர்கள் சங்கக் கூட்டத்துக்குத் தையல்காரரின் மனைவிதான் வந்திருந்தாள். பக்கவாதம் வந்து, பேச்சும் போய்ப் படுத்துக் கிடக்கிற மனுஷன் எங்கே வருவார்?

முன்வரிசையில் வாட்ச் கடைக்காரரைப் பார்த்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மத்தியானமானால் தையல் கடைக்கு வந்து அவள் புருஷனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்த ஆள். 'இவரோட கத்திக் கத்தியே என் வீட்டுக்காரருக்குக் கொதிப்பு ஏறிச்சு' என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு வந்த தீர்மானம் தையல்காரருடையது. ஒவ்வொரு கடையும் பொது நிதிக்குக் கட்டாயம் பணம் போட வேண்டும். யார் நோயில் விழுந்தாலும் அதிலிருந்து உதவி. வருஷா வருஷம் அவர் கொண்டுவருவார், வருஷா வருஷம் வாட்ச்காரர் கவிழ்ப்பார்.

"கட்டாயத்துல வாங்கினா அது உதவி இல்ல, பறிப்பு. அவனவன் உழைப்பு அவனவனுக்கு. கொடுக்கறதும் கொடுக்காததும் அவன் இஷ்டம்!" இதுதான் அவர் பாட்டு.

"ஆதரிச்சுப் பேச யார் இருக்கா?" என்று கேட்டார் தலைவரான மருந்துக்கடைக்காரர்.

முன்வர ஆளில்லை. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள்.

அதற்குள் வாட்ச்காரர் எழுந்தார்.

"நீங்க எதிர்ப்பாச்சே?" என்றார் தலைவர்.

"இப்போ ஆதரிச்சுப் பேசறேன். என்னை என் பாட்டுக்கு விடு, அதுதான் சுதந்திரம்கறீங்க. சரி. எழுந்து நிக்க முடியாதவனை அவன் பாட்டுக்கு விட்டா, அதுக்கும் பேரு சுதந்திரமா? மனசு வந்தா உதவுவீங்களாக்கும்! உங்களுக்கு மனசு வர்ற வரைக்கும் அவன் வயிறு காத்திருக்குமா? முதல்ல அவனுக்குக் கை கொடுங்கய்யா. அப்புறம் பேசலாம் அவன் சுதந்திரத்தை!"

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அச்சு அசலாக அவள் புருஷனின் பேச்சு. அந்த 'கொடுங்கய்யா'வைக் கேட்கத்தானே இத்தனை நாளும் தவியாய்த் தவித்தாள்! இன்னும் கொஞ்சம் பேச மாட்டாரா என்று ஏங்கிப்போனாள்.

கைகள் மளமளவென்று உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது.

"எதிர்க்கறவங்க?" சம்பிரதாயத்துக்குக் கேட்டார் தலைவர்.

ஒரே ஒரு கை. வாட்ச்காரருடையது!

சபை கொல்லென்று சிரித்தது. "ரெட்டை நாக்குய்யா இந்த ஆளுக்கு" என்றது பின்வரிசை.

மாடிப்படியில் அவரை மறித்துக்கொண்டாள். "என்னண்ணே இது? எல்லாரையும் கை தூக்க வெச்சுட்டு, கடைசியில உங்க புத்தியைக் காட்டிட்டீங்களே!"

"பேச்சு அவனோடதும்மா. அவனால பேச முடியலை, நான் பேசினேன். கை என்னோடது. எனக்கு இன்னமும் அது சரின்னு படலை."

"இன்னைக்கு ஒரு நாள் விட்டுக்கொடுத்தா என்ன குறைஞ்சுடுவீங்க?"

செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். இப்போதெல்லாம் மத்தியானமானால் போக்கிடமில்லாமல் தவிக்கிற மனுஷனின் குரல் உடைந்து வந்தது.

"நானும் அவன் பக்கம் சாஞ்சுட்டா, பேச்சு திரும்பி வந்ததும் அவன் யார்கூடம்மா சண்டை போடுவான்?"